மாஸ்டரின் வயிற்றெரிச்சல்

மாஸ்டருக்குத் தன் மகள்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பிரயோசனமில்லை, எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் பொறாமைப்படலாம். கூட வேலை பார்க்கிறவனை முதலாளி தோளில் தட்டிக் கொடுத்தால் பொறாமைப்படலாம். அதெல்லாம் ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். பெற்ற பெண்மேல், அதுவும் பால்பல் இன்னும் முழுசாக விழாத ஒரு பொடிசுமேல் பொறாமைப்பட்டால் அந்த மனுஷன் யாரிடம் போய்ச் சொல்வான்? மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள்ளேயே வைத்துப் புகைந்துகொண்டிருந்தார்.

அவர் வேலை பார்த்தது ஒரு பெயிண்ட் கடையில். நிறம் கலந்து கொடுக்கிற வேலை. கடையில் அதற்கு மெஷின் இல்லாமல் இல்லை. அட்டையில் உள்ள நிறம் வேண்டுமென்றால் எண்ணைத் தட்டினால் போதும், அதுவே பிழிந்து, குலுக்கிக் கொடுத்துவிடும். ஆனால் வருகிற ஜனங்கள் அட்டையில் உள்ளதையா கேட்கிறார்கள்? ஒருத்தர் சுவரிலிருந்து பெயர்த்த சில்லு ஒன்றைக் காகிதத்தில் பொத்திக்கொண்டு வருவார். ஒருத்தி சோபா உறையையே உருவிக்கொண்டு வருவாள். இன்னொருத்தர் அலமாரிக் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்து, "இதே மாதிரி வேணும், கொஞ்சம்கூட மாறக்கூடாது" என்பார். வெயிலும் தூசியும் சேர்ந்து வருஷக்கணக்கில் ஆக்கிவைத்த நிறத்துக்கு மெஷினில் எண் கிடையாது. அங்கேதான் மாஸ்டர் தேவைப்பட்டார்.

மாஸ்டர் சில்லை வாங்கி ஒருமுறை பார்ப்பார். வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் திறந்து மஞ்சளில் கொஞ்சம், கருப்பில் ஒரு சொட்டு, காவியில் குச்சி நுனியளவு என்று விட்டுக் கலக்குவார். ஒரு சின்ன அட்டையில் தடவி, முடி காயவைக்கிற மெஷினைக் காட்டி உலர்த்துவார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். ஈர அட்டையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவனை மாஸ்டர் மனுஷனாகவே மதிக்க மாட்டார். பிறகு அட்டையையும் சில்லையும் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடிப்பார். வாடிக்கையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாஸ்டர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "எடுத்துட்டுப் போங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கு இருக்கிற கம்பீரத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்தக் கம்பீரம் சும்மா வந்ததில்லை. மாஸ்டர் வளர்ந்த வீட்டில் பாராட்டு என்பது அளந்து போடுகிற சாமானாக இருந்தது. அளந்ததெல்லாம் அண்ணனுக்கே போய்ச் சேர்ந்தது. அண்ணன் எல்லா வகுப்பிலும் முதல். இவர் எல்லா வகுப்பிலும் பாஸ். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தி வாய்ப்பாடு சொல்ல வைப்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். கடைசியில் கதவோரமாக நிற்கிற இவரைக் காட்டி, "இது சின்னவன்" என்பார். அவ்வளவுதான் அறிமுகம். சின்னவனுக்கு அண்ணன்மேல் வந்த வயிற்றெரிச்சல் சின்ன வயசு வயிற்றுவலி மாதிரி வளர வளரப் போய்விடும் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். அது போகவில்லை, படுத்துத் தூங்கியது.

பெயிண்ட் கடையில் முதலில் டின் தூக்குகிற வேலைதான் கிடைத்தது. ஒரு நாள், ஒரே எண் எழுதிய இரண்டு டின்களைத் திறந்து வைத்திருந்தபோது, "இது ரெண்டும் வேற வேற" என்று சொல்லித் தொலைத்தார். அப்போதிருந்த கலவைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. தடவிக் காயவைத்துப் பார்த்தார்கள், சின்னவன் சொன்னதுதான் சரி. முதலாளி, "கண்ணா இது, கேமராவா?" என்றார். பிறந்ததிலிருந்து மாஸ்டர் கேட்ட முதல் பாராட்டு அது. அந்தக் கலவைக்காரர் அதற்கப்புறம் ரொம்ப நாள் இவரைக் கிடங்கைவிட்டு வெளியே தலைகாட்ட விடவில்லை. "வயித்தெரிச்சல் பிடிச்ச ஆளு" என்று மாஸ்டர் இன்றைக்கும் அவரைத் திட்டுவார்.

உலகத்தில் மாஸ்டருக்கென்று இருந்த சொத்து அந்தக் கண் ஒன்றுதான். அதில் பங்கு கேட்டு ஒரு பொடிசு வந்து நிற்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

பொடிசுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டிலும் கடையிலும் அவள் பொடிசுதான். எழுத்துக் கூட்டிப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்கும் முன்பே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். கேள்வி கேட்க ஆரம்பித்தால் காது புளித்துவிடும். "பால் வெள்ளை, ஃப்ரிட்ஜ் வெள்ளை, பல்லு வெள்ளை எல்லாம் வேற வேறதானே? அப்புறம் ஏன் எல்லாத்துக்கும் ஒரே பேரு?" என்று ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். மாஸ்டருக்கு அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைக்குப் போய் எல்லாரிடமும் சொன்னார். "என் ரத்தமாச்சே" என்று வேறு சேர்த்துக்கொண்டார். பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் அப்பாவின் பெருமையாக இருக்கிற வரைக்கும் எந்த அப்பனுக்கும் வயிறு எரியாது.

மாஸ்டரின் மனைவி ஒரு மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். ஒரு விடுமுறை நாளில் அவளுக்குப் பகல் முறை விழுந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாஸ்டர் பொடிசைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், கவிழ்த்துப் போட்ட காலி டிரம்மின் மேல் உட்கார வைத்தார். சோபா உறையோடு ஒரு அம்மாள் வந்தாள். மாஸ்டர் கலந்தார், தடவினார், காயவைத்தார், வாசலுக்குப் போனார், தலையைச் சாய்த்தார். "எடுத்துட்டுப் போங்க" என்று வாயைத் திறக்கப் போன நேரத்தில், பின்னாலேயே வந்து நின்ற பொடிசு உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, இது ரெண்டும் ஒண்ணு இல்ல. இதுல ஒரு துளி செவப்பு ஒளிஞ்சிருக்கு. உன் அட்டையில அது இல்ல."

"போய் உட்காரு, போ" என்று மாஸ்டர் சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். அப்போதும் அவருக்கு எதுவும் தெரியவில்லை. பேருக்குக் குச்சி நுனியளவு காவியை விட்டுக் கலந்து, வேறொரு அட்டையில் தடவிக் காயவைத்து, உறையோடு சேர்த்துப் பிடித்தார். அட்டை எது, துணி எது என்று தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பொடிசு சொன்னது சரி.

முதலாளி நாற்காலியை விட்டே எழுந்து வந்துவிட்டார். "மாஸ்டர், இனிமே உங்களுக்கு ஓய்வுதான். நாற்காலியைப் பாப்பாவுக்குக் குடுத்துடுவோமா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பொடிசுக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். வேடிக்கையும் சில நேரம் எரிகிற இடத்தில் போய் விழுந்துவிடும். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது மாஸ்டர் கைகளை பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பொடிசு பின்னால் ஓடி ஓடி வந்தாள். "அப்பா, கால் வலிக்குதா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. "தலை வலிக்குதா?" அதற்கும் பதில் இல்லை. மீதிச் சாக்லேட்டை அவர்முன் நீட்டினாள். "எனக்கு வேணாம், நீயே தின்னு" என்றார்.

இங்கே மாஸ்டருக்கு அந்தப் பழைய கலவைக்காரரின் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் வயிற்றெரிச்சலை யாரும் வயிற்றெரிச்சல் என்று கூப்பிடுவதில்லை. மாஸ்டர் அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்தார்.

அதற்கப்புறம் கடையில் யார் வாயைத் திறந்தாலும் பொடிசுதான். சுவர் அடிக்கிற பெயிண்டர் வந்தால், "பாப்பா வரலையா அண்ணே?" என்பார். முதலாளி ஒரு கலவையைக் கையில் வாங்கிக்கொண்டு, "பொடிசு பார்த்துச்சா?" என்று கண்ணடிப்பார். முன்பெல்லாம் அவருடைய கண்ணைப் பற்றிப் பேசிய வாய்கள் இவை. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. பெண் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை. வேறு எதிலாவது நன்றாக இருந்து தொலைக்கக் கூடாதா? கணக்கு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஓட்டப் பந்தயம் இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு அப்பன் கையில் இருக்கிற ஒரே ஒரு பொருளின்மேலா கை வைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர் ஒரு விளையாட்டு ஆரம்பித்தார். மேலுக்குத்தான் அது விளையாட்டு. கடையிலிருந்து இரண்டு இரண்டு அட்டைகளாகத் தடவிக் கொண்டுவருவார். மாடி நடையில், துணி காய்கிற கொடிக்குக் கீழே, பொடிசை உட்கார வைத்து, "இது ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்று கேட்பார். தோற்கடிப்பதற்கென்றே முடிந்தவரைக்கும் நுணுக்கமாகக் கலந்திருப்பார். அவள் சரியாகச் சொல்லிவிட்டால், "ம்" என்று அட்டையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அன்று முழுவதும் பேப்பருக்குப் பின்னாலிருந்து முகம் வெளியே வராது. அவள் தப்பாகச் சொல்லிவிட்டாலோ, "அடடா, தப்பாச்சே! பரவாயில்ல, கண்ணு பழகணும்" என்று அவளை அலாக்காகத் தூக்கிச் சுற்றுவார். தானே அடுப்படிக்குப் போய் ஆம்லெட் போட்டுக் கொடுப்பார். கதை சொல்வார். இதை வேண்டுமென்று செய்தாரா என்று கேட்டால் இல்லை. முகம் தன்பாட்டுக்கு விழுந்தது, தன்பாட்டுக்கு மலர்ந்தது.

பால் வெள்ளைக்கும் ஃப்ரிட்ஜ் வெள்ளைக்கும் வித்தியாசம் பார்க்கிற கண்ணுக்கு அப்பாவின் முகத்தில் வித்தியாசம் தெரியாதா? பொடிசு கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்க ஆரம்பித்தாள். முதலில் எப்போதாவது தோற்றாள், பிறகு பாதிக்குப் பாதி, பிறகு பெரும்பாலும். மாஸ்டருக்குச் சோறு இறங்கியது. "சின்னப் பிள்ளைங்களுக்கு இப்படித்தான், கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் மழுங்கிப் போயிடும்" என்று கடையில் வருத்தப்பட்டுக்கொள்கிற மாதிரி சொன்னார். அந்த வருத்தத்தை நம்ப ஆள் கிடைத்ததுதான் ஆச்சரியம்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு பேரையும் வரச்சொன்னாள். சின்ன சின்ன நாற்காலிகள் போட்ட வகுப்பறையில், முழங்கால் முகவாயில் இடிக்க, புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்தார்கள்.

"உங்க பொண்ணு சாதாரணப் பிள்ளை இல்ல" என்றாள் டீச்சர். "மேல் வகுப்புப் பிள்ளைங்க கணக்கை எட்டிப் பார்த்துட்டு விடை சொல்றா. எந்த கிரேயான் யாரோடதுன்னு நிறத்தை வெச்சே பிரிச்சுக் குடுக்கறா. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல தனி வகுப்பு இருக்கு. அங்கேருந்து ஒரு அம்மா வந்து இவகூடப் பேசிப் பார்ப்பாங்க. அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா சேர்த்துக்குவாங்க. ஆனா, கொஞ்ச நாளா இவ எதையும் பட்டுனு சொல்லாம என் மூஞ்சியையே பார்த்துட்டு நிக்கறா. வீட்டுல யாராச்சும் திட்டறீங்களா?"

"ஐயோ, திட்டறதா! அவதான் எங்க வீட்டுல எஜமானி" என்றாள் மனைவி. மாஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. "தனி வகுப்பாமே! என்னங்க, கேட்டீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"கேட்டேன், கேட்டேன். இப்பவே இப்படித் தலையில தூக்கி வெச்சுட்டு ஆடினா பிள்ளைக்குத் தலைக்கனம்தான் ஏறும். எல்லாப் பிள்ளையும் சின்ன வயசுல கெட்டிக்காரப் பிள்ளைதான்."

மனைவி நடு ரோட்டில் நின்றுவிட்டாள். "உங்க பொண்ணுதானே அவ? பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பத்தி பேசற மாதிரி பேசறீங்களே."

பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் மாஸ்டருக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அடுத்த வாரம் பல் டாக்டர் வேலை வந்தது. டாக்டர் தன் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கிற கூடத்துக்குப் புதிதாக நிறம் அடித்துக்கொண்டிருந்தார். சாம்பல் ஓடிய ஒரு இளம்பச்சை. மாஸ்டர் கலந்து கொடுத்ததுதான். நீளச் சுவர் முடியும் முன்பே பெயிண்ட் தீர்ந்துவிட்டது. விவரம் தெரிந்த பெயிண்டர் ஒரு மூலையில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். மூலைக்கு அந்தப் பக்கம் வேறு கலவை வந்தால் லேசான மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியாது. நம்முடைய பெயிண்டர் பெயிண்ட் போதும் என்று நம்பி நடுச் சுவருக்கு வந்து மாட்டிக்கொண்டார். "அண்ணே, அதே நிறத்துல இன்னொரு வாளி வேணும். நடுச் சுவர்ல நிக்குது, இம்மி பிசகினாலும் காட்டிக் குடுத்துடும்" என்று பழைய வாளியின் அடிக் கசடோடு வந்து நின்றார்.

அன்றைக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை, பொடிசு கடையில் இருந்தாள். மாஸ்டர் கலந்தார். தடவினார், காயவைத்தார். வாசலுக்குப் போய், கசடைத் தடவிய பழைய அட்டையையும் புது அட்டையையும் சேர்த்துப் பிடித்தார். சரியாகத்தான் இருந்தது. அல்லது சரியாக இல்லையோ? தலையைச் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது. இதற்குப் பதில் தெரிந்த ஒரு ஆள் பக்கத்திலேயே டிரம்மின்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரியும். கேட்பதற்கு வாய் வரவில்லை. பெயிண்டர் அவசரப்படுத்தினார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் குரலை வரவழைத்துக்கொண்டு, "எங்கே, இது ஒண்ணா வேறயான்னு சொல்லு பார்ப்போம்?" என்று அட்டைகளை நீட்டினார்.

பொடிசு அட்டைகளை ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணாதான்பா இருக்கு" என்றாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் மாஸ்டர். அன்றைக்குப் பொடிசுக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது.

மறுநாள் சாயங்காலம் முதலாளி மாஸ்டரைக் கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். சின்ன அட்டையில் பிடிபடாத மாற்றத்தைப் பெரிய சுவர் வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. அதுவும் பல் டாக்டர் கூடத்து விளக்கு, ஊசி விழுந்தால்கூடத் தெரிகிற விளக்கு. சுவரின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. இந்தப் பக்கம் சாம்பல் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள் ஏறிய பச்சை. இரண்டு சட்டையைப் பாதிப் பாதியாகக் கிழித்துத் தைத்துப் போட்ட மாதிரி நின்றது சுவர். பல் வலிக்காரர் ஒருவர் வீங்கிய கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஏங்க, இது டிசைனா?" என்று கேட்டார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் முதலாளி, "எப்படி மாஸ்டர் விட்டீங்க? அன்னிக்குப் பொடிசு இருந்துச்சே, அதுகிட்டயாவது காட்டியிருக்கலாமே" என்றார்.

"காட்டினேன். அவளும் ஒண்ணுதான்னு சொன்னா" என்றார் மாஸ்டர்.

சொல்லி முடித்ததும் அவருக்குள் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சந்தோஷம் வந்தது. சுவர் போச்சு, கடைப்பேர் போச்சு, டாக்டர் முன்னால் மானம் போச்சு. இருந்தும், அவளுக்கும் தெரியவில்லை! தனக்குத் தெரியாதது அவளுக்கும் தெரியவில்லை! நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. முதலாளி வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வர, மாஸ்டர் வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். இப்படி ஒரு அப்பன்.

வீட்டுக்குப் போனால் மனைவி முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். பெரிய பள்ளிக்கூடத்து அம்மா அன்றைக்கு வந்திருந்தாளாம். படத்தைக் காட்டினாளாம், கணக்குக் கேட்டாளாம், நிறத்தைக் காட்டினாளாம்.

"எல்லாத்துக்கும் தெரியாது தெரியாதுன்னே சொல்லியிருக்கா இவ! ரெண்டும் ரெண்டும் எவ்வளவுன்னு கேட்டதுக்குக்கூடத் தெரியாதாம். டீச்சருக்கு அழுகையே வந்துடுச்சு. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காங்க."

பொடிசு ஜன்னலோரமாக நின்று தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேனே, எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்னு. நேத்து கடையிலேயும் கோட்டை விட்டுட்டா" என்று மாஸ்டர் சட்டையைக் கழற்றி மாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தன் தோல்வியில் அவளுடைய பங்கைக் கண்ணாரக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு. "வா, நேத்து நீ ஒண்ணுதான்னு சொன்னியே, அது சுவர்ல எப்படி இருக்குன்னு பார்க்கலாம்" என்று சட்டையை மறுபடியும் போட்டுக்கொண்டு அவளைக் கிளப்பினார். பல் டாக்டரின் மருத்துவமனை நாலு தெரு தள்ளித்தான்.

கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்கூட இவர்களைப் பார்த்ததும், "அந்தக் கோட்டைப் பார்க்கத்தானே வந்தீங்க?" என்று சிரித்தாள். மாஸ்டர் பொடிசைச் சுவருக்கு எதிரே நிறுத்தினார்.

"நல்லாப் பாரு. எப்படி இருக்கு?"

பொடிசு சுவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"ஒண்ணாதான்பா இருக்கு" என்றாள்.

ஈரத்துணியைப் பிடித்திருந்த அம்மாள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர், பிள்ளை விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தார். "ஏய், இங்கே பாரு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நடுவுல கோடு தெரியல?"

"இல்லப்பா. எனக்குத் தெரியல." கண் சுவரில் இல்லை. அவருடைய முகத்திலேயே இருந்தது. விடை சரியாக வந்ததா என்று அங்கேதான் தேடிக்கொண்டிருந்தாள்.

கண் தெரியாதவன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுகிற வித்தியாசம் அது. மாஸ்டர் நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நேற்று அட்டையை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாளே, அதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் அர்த்தம் புரிந்தது. கண் மழுங்கவில்லை. அவர் உட்கார்ந்து ஞாயிறு தவறாமல் மழுக்கிக்கொண்டிருந்தார். ரெண்டும் ரெண்டும் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது என்று சொல்கிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"பொடிசு, நேத்து கடையில அட்டை காட்டினேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

அவள் சட்டைப் பொத்தானைத் திருகினாள்.

"திட்ட மாட்டேன், சொல்லு."

"திட்ட மாட்டே" என்றாள் பொடிசு. "பேசாம இருப்பே."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "உனக்கு என்ன தெரியும், சொல்லு" என்று அவருடைய அப்பா அவரிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வியை யாராவது கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்று சின்ன வயசில் ஏங்கியிருக்கிறார். இங்கே, கேட்டால் சொல்லத் தெரிந்த பிள்ளை, சொன்னால் அப்பாவை இழந்துவிடுவோம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் அந்தப் பழைய எரிச்சல் உள்ளே லேசாகக் கிடந்தது. நேற்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. பொறாமை என்ன, சொன்னதும் எழுந்து போகிற விருந்தாளியா?

மறுநாள் அவர் முதலாளியிடம் போய், "சுவர்ல தப்பு என்னுது. பாப்பாமேல பழியைப் போட்டேன், அதுவும் என்னுது" என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சரைப் பார்த்து, "வீட்டுல யாராச்சும் திட்டறீங்களான்னு கேட்டீங்களே. திட்டல. அதைவிட மோசமா ஒண்ணு செஞ்சேன். அந்த அம்மா மறுபடி வர்றதுக்குள்ள சரி பண்ணப் பார்க்கறேன்" என்றார். டீச்சருக்குப் பாதிதான் புரிந்தது. பொடிசைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார்.

முதலாளியும் பெயிண்டரும் இருந்தார்கள். சுவரில் முதலில் அடித்த பாதியிலிருந்து பெயர்த்த சில்லு மேஜைமேல் இருந்தது. மாஸ்டர் கலந்து, தடவி, காயவைத்து, பொடிசின் முன்னால் அட்டையையும் சில்லையும் சேர்த்துப் பிடித்தார். அவள் உடனே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என் மூஞ்சியில ஒண்ணும் இல்ல. அட்டையைப் பாரு."

அவள் அட்டையைப் பார்த்தாள், மறுபடி முகத்துக்கே வந்தாள். "ஒண்ணாதான்பா..." என்று இழுத்தாள்.

மாஸ்டர் அவள் உட்கார்ந்திருந்த டிரம்முக்கு முன்னால் தரையில் குந்தினார். முதலாளிக்கும் பெயிண்டருக்கும் காதில் விழும் என்று தெரிந்தே சொன்னார்.

"இங்கே பாரு. உனக்குத் தெரியறது எனக்குத் தெரியலைன்னா எனக்கு வயிறு எரியுது. அதுக்குப் பொறாமைன்னு பேரு. அன்னிக்கு உன்கூடப் பேசாம வந்தது அதனாலதான். நீ ஒண்ணும் தப்புப் பண்ணல."

பெயிண்டர் சட்டென்று வேறு பக்கம் திரும்பி டின்களை அடுக்க ஆரம்பித்தார். பொடிசு யோசித்தாள்.

"ரொம்ப எரியுமா?"

"எரியும்."

"நான் சரியாச் சொன்னா இன்னும் எரியுமா?"

"கொஞ்ச நாளைக்கு எரியும். அது என் வயிறு, நான் பார்த்துக்கறேன். நீ தெரிஞ்சதைச் சொல்லு."

பொடிசு சில்லைக் கையில் வாங்கினாள். அட்டையோடு வைத்துப் பார்த்தாள், வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், டியூப் லைட்டுக்குக் கீழே வந்து பார்த்தாள்.

"இது ஒண்ணு இல்லப்பா. உன்னுதுல மஞ்சள் கூட இருக்கு."

மாஸ்டருக்கு மஞ்சள் தெரியவில்லை. எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. புது டப்பாவை எடுத்து, மஞ்சளைக் குறைத்து மறுபடி கலந்தார், தடவினார், காயவைத்தார். பொடிசு புது அட்டையைப் பார்த்தாள்.

"இன்னும் சேரல."

முகம் விழப் போகிறது என்று மாஸ்டருக்கே தெரிந்தது, பிடித்து நிறுத்திக்கொண்டார். பொடிசு அதையும் பார்த்துவிட்டாள்.

"இப்ப எரியுதாப்பா?"

"எரியுது."

"சரி" என்றாள் பொடிசு. "கருப்புல ஒரு சொட்டு போடு."